தள்ளிப்போட்டால் தோல்வியா?

1/
காலையில் பீச் ரோடு வாக்கிங். கூட வரும் நண்பர் போனை நீட்டி ஒரு வீடியோ காட்டினார். "பாருங்க டாக்டர், மூணு பேரை மேல அனுப்பிட்டு எறக்கத் தெரியாம சீனாக்காரன் முழிச்ச கதைய!" வீடியோ முழுக்க சிரிப்புச் சத்தம்.

எனக்குச் சிரிப்பு வரல. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/
முதலில், நடந்தது என்ன? 2025 ஏப்ரல் 24 அன்று ஷென்சோ-20 கலத்தில் மூன்று பேர் தியாங்கோங் விண்வெளி நிலையத்துக்குப் போனார்கள். நவம்பர் 5 திரும்ப வேண்டும். கிளம்பும் நேரத்தில் ஜன்னலில் மெல்லிய விரிசல். விண்வெளிக் குப்பை பட்டிருக்கலாம் என்று சந்தேகம். பயணத்தை நிறுத்தினார்கள். நவம்பர் 14 அன்று, அடுத்த குழு வந்த ஷென்சோ-21 கலத்தில் பத்திரமாக இறங்கினார்கள்.

9 நாள் லேட். அவ்வளவுதான்.

3/
"சின்ன விரிசல்தானே?"

1971 ஜூன் 30. சல்யூட்-1 நிலையத்திலிருந்து திரும்பிய சோயுஸ்-11 கலத்தில் ஒரு வால்வு திறந்துகொண்டது. உள்ளே இருந்த காற்று வெளியேறிவிட்டது. கலம் ஒழுங்காகத்தான் தரையிறங்கியது. கதவைத் திறந்தால் மூன்று பேரும் உயிரோடு இல்லை. காற்றழுத்தம் போனால் பத்து பதினைந்து நொடியில் நினைவு தப்பிவிடும். கையை நீட்டி வால்வை மூடக்கூட நேரம் கிடைக்காது.

4/
நம்ம கல்பனா சாவ்லாவை மறந்துட்டோமா? 2003 ஜனவரி 16, கொலம்பியா கிளம்பும்போதே இடது இறக்கையில் நுரைத் துண்டு மோதியது. படமெடுத்துச் சேதத்தைப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். நிர்வாகம் ஏற்கவில்லை. பிப்ரவரி 1, ஏழு பேரும் போனார்கள்.

அன்றைக்கு அழுத நாமதான், இன்றைக்கு நிறுத்திப் பார்த்தவனைக் கேலி செய்கிறோம்.

5/
இது எனக்குப் பழகின கேலி. குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒருவர் வருகிறார். காலையில் சுகர் 380. மயக்க டாக்டர் "இன்னைக்கு வேணாம்" என்கிறார். உடனே வெளியே சத்தம்: "லீவு போட்டு வந்திருக்கோம், வெறும் வயித்துல படுக்க வச்சுட்டு இப்ப சொல்றீங்களா?"

கோபம் நியாயம்தான். ஆனால் அன்று "வேணாம்" என்று சொன்னதும் வைத்தியம்தான். பில்லில் வராத வைத்தியம்.

6/
சீனாவுக்குச் சால்வை போடவும் நான் வரவில்லை. ஷென்சோ-21 கீழே வந்த பிறகு, நிலையத்தில் இருந்த மூன்று பேருக்கு நம்பி இறங்க ஒரு கலம் இல்லை. ஆளில்லாத ஷென்சோ-22 நவம்பர் 25-ல்தான் போனது. 11 நாள்! அதைக் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் ஒன்று: அடுத்த ராக்கெட்டையும் கலத்தையும் ஏவுதளத்தில் முன்கூட்டியே தயாராக வைத்திருந்ததால்தான் அது 11 நாளோடு முடிந்தது. வார்டில் ஸ்பேர் ஆக்சிஜன் சிலிண்டர் வைப்பது மாதிரி. அதற்கு ஆகும் செலவை யாரும் கைதட்டிப் பாராட்டுவதில்லை.

7/
இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். 2025 ஜூன் 11 கிளம்ப வேண்டிய சுபான்ஷு சுக்லா, ஜூன் 25-ல்தான் கிளம்பினார். ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு. சரிசெய்யாமல் போகக்கூடாது என்று அழுத்திச் சொன்னது இஸ்ரோ குழு. தலைவர் நாராயணன், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அந்த "வேணாம்"தான் எனக்குப் பெருமை. சுக்லா ஜூலை 15 நல்லபடியாக இறங்கினார்.

8/
அடுத்து ககன்யான். 2022 என்று அறிவித்தது இப்போது 2027-ல் நிற்கிறது. போகப் பயிற்சி எடுத்த நால்வரில் ஒருவர் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன். ஏன் லேட், எந்தச் சோதனை பாக்கி என்று கேளுங்கள், கேட்கணும். "எப்ப சார் விடுவீங்க" என்று மீம் போட்டு விரட்டாதீர்கள்.

நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன். "அப்ப என் மூட்டு ஆபரேஷனையும் தள்ளிப்போட்டுருவீங்களா?" என்றார்.

சுகர் குறையலன்னா, கண்டிப்பா.