மறுக்கப்பட்ட நூலுக்குப் பதிவேடு எங்கே?

பல்கலைக்கழக நூலகத்தின் இரவல் பதிவேடு கொடுக்கப்பட்ட நூல்களை மட்டுமே அறியும். கேட்ட நூல் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பிய மாணவர் அதில் இடம்பெறுவதில்லை. நம் உயர்கல்வியில் எண்ணப்படாத இழப்புகளுள் இதுவும் ஒன்று.

இந்த இழப்பு எல்லோருக்கும் சமமானதன்று. தமிழகத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்று ஏற்காடு. சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மாணவர் பட்டமேற்படிப்புக்குப் பெரும்பாலும் சேலத்திற்கே இறங்கி வர வேண்டும். 1997இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகமும் சமவெளியில்தான் உள்ளது. கேட்ட நூல் இல்லையென்றால், வசதியுள்ளவர் கடையில் வாங்கிக்கொள்வார். மலையிலிருந்து வருபவருக்கோ, சேரியிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கோ அது பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் சேர்ந்த இழப்பு.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்கிறது. ஆனால் 'நாக்' தர மதிப்பீட்டின் நூலக அளவுகோல்களாக இருந்துவந்தவை கணினிமயம், மின்னிதழ்ச் சந்தா, ஆண்டுச் செலவு, அன்றாட வருகை ஆகியவையே. வந்தவர் கேட்டதைப் பெற்றாரா என்பது அவற்றுள் இல்லை.

அதை அளக்க வழி உண்டு. அமெரிக்க ஆய்வாளர் பால் கேன்டர் 1970களில் வகுத்த முறை, ஒரு வேண்டுகோள் தோற்கும் இடங்களைப் பிரித்துக் காட்டுகிறது. நூல் வாங்கப்பட்டதா? வேறொருவரிடம் இரவலில் உள்ளதா? உரிய அடுக்கில் இருக்கிறதா? அங்கிருந்தும் வாசகரால் கண்டெடுக்க முடிந்ததா? ஓர் எடுத்துக்காட்டு: 100 வேண்டுகோள்களில் 80 நூல்கள் வாங்கப்பட்டவை, அவற்றுள் 60 இரவலில் போகாதவை, 54 உரிய இடத்தில் இருப்பவை, வாசகர் கைக்கு வந்தவை 49. ஒவ்வொரு படியும் சுமாராகத் தோன்றினாலும், முடிவில் பாதிப்பேர் ஏமாந்து திரும்புகின்றனர். நிதிப் பற்றாக்குறை என்ற ஒற்றைப் பதில் இங்கே செல்லாது; இந்தக் கணக்கில் கிடைக்காத 51 நூல்களுள் 31 நூலகம் ஏற்கெனவே வாங்கியவை.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக நூலகம் 1960களின் இறுதியில் அதிகம் கேட்கப்படும் நூல்களின் இரவல் காலத்தைக் குறைத்தது. நூல் கிடைக்கும் வாய்ப்பு கூடியது. அதைக் கண்டு கேட்போரும் பெருகினர். அதாவது, கிடைக்காது என்று நம்பியவர்கள் அதுவரை கேட்கவே இல்லை. எனவே வெற்றி விழுக்காட்டை மட்டும் பார்ப்பது போதாது. கேட்கத் தயங்கி ஒதுங்கி நிற்பவர் யார் என்றும் பார்க்க வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் பிரிவு 7(8), தகவலை மறுக்கும் அலுவலர் காரணத்தையும் மேல்முறையீட்டு வழியையும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நூலை மறுப்பதற்கு அத்தகைய கடமை இல்லை. அச்சட்டத்தின்படி கேட்டாலும், பதியப்படாத மறுப்பைப் பற்றித் தருவதற்கு நூலகத்திடம் எதுவும் இராது. ஆகவே முதற்கோரிக்கை பதிவேடுதான்.

ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு வாரங்கள், நிறைவேறாத வேண்டுகோள்களைக் காரணத்தோடு பதிய வேண்டும். பெயர் கேட்காமல், விடுதி மாணவரா, தொலைவிலிருந்து வருபவரா, முதல் தலைமுறையா, தாமாக விரும்பிச் சொன்னால் பட்டியல் சாதியா பழங்குடியா என்று மட்டும் குறிக்கலாம். முடிவுகளை அறிவிப்புப் பலகையில் வெளியிட வேண்டும். நூலகம் தொடங்கும்வரை மாணவர் அமைப்புகளே ஒரு குறிப்பேட்டோடு இதைத் தொடங்கலாம். எண்ணிக்கை கைக்கு வந்த பின்னர், "நூல் இல்லை" என்னும் சொல் தனி மாணவரின் துரதிர்ஷ்டமாக இராது. நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வியாகிவிடும்.