அடையாற்றுக் கழிமுகம் சொல்லும் பாடம்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்கு வரும் கிராமத்து மக்கள், தரிசனம் முடிந்ததும் மெரினாவைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். கோயிலுக்குச் சற்றுத் தெற்கே, அடையாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டித் தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது. விவசாயிகள் பிள்ளைகளுடன் ஒரு முறையாவது பார்க்க வேண்டிய இடம் இது.

இதைப் பூச்செடிப் பூங்கா என்று எண்ண வேண்டாம். 58 ஏக்கர் உப்பங்கழி நிலம். கட்டட இடிபாடும் சாக்கடையும் சேர்ந்து கெட்டுக் கிடந்த இடத்தை அரசு கோடிக்கணக்கான ரூபாய் செலவில் சீர்செய்து, நம் மண்ணுக்கேற்ற மரம், செடிகளை நட்டு 2011ல் திறந்தது. இன்று அங்கே கொக்கும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் இரை தேடுகின்றன.

இதற்கும் தெற்கே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் கதை வேறு. ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்தது. இப்போது பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீர் வந்து தங்கும் பள்ளம் அது. பயனற்ற நிலம் என்று கருதிக் குப்பை கொட்டினார்கள், கட்டடம் எழுப்பினார்கள். 2015 டிசம்பர் மழையில் தங்க இடமில்லாத தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. எஞ்சிய நிலம் 2022ல்தான் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

கொக்கு வந்தால் குடியானவனுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். வேடந்தாங்கல் விவசாயிகள் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798லேயே கலெக்டரிடம் உத்தரவு பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பது அவர்கள் அனுபவம். நாமக்கோழி நாற்றங்காலை மிதித்துச் சேதம் செய்வதும் உண்மைதான். அதற்குக் காவல் போடலாம். தூர்ந்துபோன ஏரியால் வரும் நஷ்டத்தை எந்தக் காவலும் தடுக்காது.

கார்த்திகை முதல் மாசி வரை பறவைகள் அதிகம் வரும். பார்வை நேரத்தை முன்னதாக விசாரித்துக்கொண்டு, கூடியவரை காலையிலேயே போவது நல்லது. கூச்சல் போடாமல் நடந்தால் பறவைகள் கலையாது.

பார்த்துத் திரும்புவோர் தம் ஊர் ஏரிக்கரையையும் ஒரு சுற்று நடந்து பார்க்கட்டும். வரத்துக் கால்வாய் அடைபட்டிருக்கிறதா, ஏரிக்குள் ஆக்கிரமிப்பு உண்டா என்று கவனிக்கட்டும். இருந்தால், எல்லையை அளந்து கல் நட வேண்டும் என்று அடுத்த கிராம சபையிலேயே தீர்மானம் கொண்டு வரலாம். கெட்டபின் மீட்க ஆகும் செலவைப் பட்டணம் கொடுத்துவிட்டது. கிராமம் அதைத் தாங்காது.