பெரிய பழசா, சின்னப் புதுசா?

சிவகாசியில் ஆப்செட் மெஷின் வாங்கப்போகிறவரைக் குடையும் கேள்வி இது. 28-க்கு 40 அங்குலத் தாள் ஓடும் பழைய ஹைடல்பெர்க்கா, 19-க்கு 26 ஓடும் புது மாடலா? பெரியதில் தாளின் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல். பட்டாசு லேபிள்களை அத்தனை கூடுதலாக அடுக்கலாம். ஆனால் பழசு ஆளைக் கேட்கும். தாளைப் பிடித்து இழுக்கும் கிரிப்பர் தேய்ந்திருந்தால் நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக உட்காராது. சரிசெய்து முடிப்பதற்குள் வீணான தாள் குவிந்துவிடும் (பழைய பேப்பர் வியாபாரிக்குக் கொண்டாட்டம்). ஐந்நூறு, ஆயிரம் என்று சில்லறை ஆர்டர் பிடிப்பவருக்கு இது கட்டாது, புதுசுதான் சரி. காலண்டரும் லேபிளும் லட்சக்கணக்கில் ஓட்டுபவர் தயங்காமல் பழசை எடுக்கலாம். பணம் கொடுக்குமுன், நம்பகமான மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போய் மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.