அக்ரோஷ்காவுக்குக் கடைச்சரக்கு எதுக்கு?

ரஷ்யாவில் கோடைக்கு ஏத்த சாறு அக்ரோஷ்கா. பொடியா நறுக்குறது என்பதிலிருந்துதான் அந்தப் பெயரே. வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டை, வெள்ளரி, முள்ளங்கி, வெங்காயத்தாள், சதகுப்பை இலை, கொஞ்சம் வெந்த கறி. மேலே குளிர்ந்த க்வாஸ் ஊற்றி, ஒரு கரண்டி புளித்த பாலேடு.

காய்க்குப் பஞ்சமில்லை. சோவியத் காலத்தில் நகரத்துக்காரர்களுக்குக் கொடுத்த தோட்டத் துண்டு வழக்கமா 600 சதுர மீட்டர். நம்ம கணக்கில் 15 சென்ட்கூட முழுசா வராது. அதிலேயே வெள்ளரியும் உருளையும் விளைய வெச்சாங்க.

ஆனா சாறுக்கு உயிர் க்வாஸ்தான். இப்போ பாட்டிலில் விற்கிற பலதும் இனிப்புச் சோடா மாதிரி. அதை ஊத்தினா தோட்டத்து முள்ளங்கி சர்க்கரைத் தண்ணியில் மிதக்கும். காயை நஞ்சில்லாம விளைவிச்சிட்டு, புளிப்பை மட்டும் கம்பெனிக்கு விடுறது என்ன நியாயம்? (கெஃபிர் என்கிற புளித்த பாலை ஊத்துறவங்களும் உண்டு. அவங்களோட எனக்குச் சண்டையில்லை.)

வேலையும் பெரிசில்லை. காய்ந்த ரை ரொட்டியைக் கருக்காம நல்லாச் சிவக்க வறுத்து, கொதிநீரில் ஊறவைக்கணும். வெதுவெதுப்பா ஆறினதும் வடிகட்டி, கொஞ்சம் சர்க்கரை, ஈஸ்ட், நாலு உலர்திராட்சை. ரெண்டு நாளில் புளிச்சிடும். மூடியை இறுக்கிடாதீங்க, வாயு வெளியேறணும். அடியில் தங்குற மண்டியையும் கொட்டிடாதீங்க. அடுத்த தடவைக்கு அதுதான் உறை.