கை யாருடையது?

காக்கநாட்டில் இன்று கணிப்பொறி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள். அங்கிருந்து அதிக தூரமில்லை, திருப்பூணித்துறை ஹில் பேலஸ். ஃபாசில் 1993இல் இயக்கிய 'மணிச்சித்ரத்தாழு'வின் பல காட்சிகள் இந்த அரண்மனையில்தான் படமாயின. கங்கா தன்னை நாகவல்லி என்ற தஞ்சாவூர் நாட்டியக்காரியாக நினைத்துக்கொண்டு தமிழில் சீறுகிறாள். கொல்லவும் துணிகிறாள். ஆனால் யாரும் அவளைக் கொலைகாரியாக நடத்துவதில்லை. கை அவளுடையது, வெறி நோயினுடையது. அவளை மீட்பதுதான் கதை. ஷோபனாவுக்கு அந்த வேடம் தேசிய விருதைத் தந்தது.

கால் நூற்றாண்டில் பேய்க்கும் நோய்க்கும் பதிலாக எந்திரம் வந்துவிட்டது. சி.வி. குமாரின் 'மாயவன்' (2017) படத்தில் கொலைகள் ஒரே பாணி, கொலைகாரர்கள் மட்டும் வேறு வேறு. ஒரு விஞ்ஞானி தன் நினைவுகளைப் பிறர் மூளையில் ஏற்றிக்கொண்டே போகிறார். அவரைத் துரத்தும் அவசரத்தில், உடலைப் பறிகொடுத்தவர்களுக்காகப் படம் நின்று வருந்துவதில்லை.

கூடுவிட்டுக் கூடு பாய்வது தமிழருக்குப் புதிதல்ல. சாத்தனூரில் இறந்துகிடந்த மூலன் என்ற இடையனின் உடலில் ஒரு யோகி புகுந்தார். கதறிய பசுக்கள் ஆறுதலடைந்தன என்கிறது பெரியபுராணம். அவர்தான் திருமூலர். அது உயிர் போன உடல், யாரையும் வெளியேற்றிவிட்டுக் குடியேறவில்லை. அப்படியும் ஒருத்திக்கு நஷ்டம். வீட்டுக்கு அழைத்த மூலனின் மனைவியிடம், உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார் வந்தவர். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட வேண்டியதாயிற்று.

கனடா இயக்குநர் பிராண்டன் குரோனன்பர்க்கின் 'பொசஸர்' (2020) இதே வாசற்படிக்குத்தான் வருகிறது. ரத்தம் தெறிக்கும் படம், பலவீனமான மனதுக்கு ஆகாது. கூலிக்குக் கொலை செய்யும் நிறுவனம் ஒன்று, முன்பின் தெரியாதவரின் மூளையில் கருவி பொருத்துகிறது. அதன் வழியே அவருக்குள் புகுந்து கொல்பவள் டாஸ்யா. பழி உடலுக்குரியவர் மேல். வேலை முடிந்து திரும்புகிறவளிடம் அவளுடைய பழைய பொருட்களைக் காட்டி, இன்னும் அவள்தானா என்று சோதிக்கிறார்கள். தேறிவிடுகிறாள். ஆனால் மகன் இருக்கும் வீட்டுக்குள் நுழையுமுன், சகஜமாகப் பேசுவது எப்படி என்று தெருவில் நின்று ஒத்திகை பார்க்கிறாள். படத்தில் ரத்தத்தைவிடப் பயங்கரமான காட்சி இது.

வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதன்முறையாக ஒரு மனிதரின் மூளையில் தன் சில்லைப் பொருத்தியது. உடல் செயலிழந்த அவர் எண்ணத்தாலேயே கணிப்பொறியை இயக்கினார். நல்ல காரியம்தான். சட்டமும் தூங்கவில்லை. சம்மதமில்லாமல் ஒருவர்மீது நார்கோ சோதனையோ மூளை வரைபடச் சோதனையோ நடத்தக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூளையின் செயல்பாட்டுக்குப் பாதுகாப்பு தர 2021இல் சிலி நாடு அரசியல் சாசனத்தையே திருத்தியது.

ஆனால் செல்வி வழக்கின் கவலை மனதைத் திருட்டுத்தனமாகப் படிப்பது பற்றியது. மனதில் இன்னொருவர் எழுதிவிட்டால்? கங்காவுக்கு ஒரு மருத்துவர் கிடைத்தார். 'மாயவ'னில் சிக்கியவர்களுக்கு யாருமில்லை. குற்றவாளி யார் என்பதைப் போலீஸ் கண்டுபிடித்துவிடும். வீடு திரும்பியிருப்பது யார் என்ற கேள்விக்கு, மூலனின் மனைவியைப்போல வாசலில் காத்திருப்பவர்தான் பதில் தேட வேண்டும்.