அடிக்கிற கைதான் அணைக்குமா?

வாலாஜாபேட்டையிலும் இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் விடிந்ததும் தோல் பாக்டரிக்கும் ஷூ கம்பெனிக்கும் போகும் பெண்களில் அநேகர் தங்கள் குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடுகிறவர்கள். அப்படிப்பட்ட ஒருத்தி, புருஷனுடைய அடி உதை தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீடு வந்துவிட்டால், வக்கீல், சமாதானம் பேசும் ஆலோசகர், போலீசு, கடைசியில் நீதிபதி என்பதாக அவளை விசாரிக்க எத்தனை பேர்! எல்லோரும் படித்த கனவான்கள். ஆனால் இவர்களில் பலர் சொல்லுவதோ, "பெண்டாட்டியைத்தானே அடித்தான், பிள்ளையை அடிக்கவில்லையே, அடிக்கிற கைதான் அணைக்கும்" என்கின்ற திண்ணைப் பேச்சேயாகும்.

தாயின் மண்டை உடைவதைக் கதவோரம் நின்று பார்த்த குழந்தைக்கு அடிபடவில்லை என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கின்றது என நாம் கேட்கின்றோம்.

சட்டமாவது இவர்கள் பக்கம் இருக்கின்றதா என்றால் அதுவுமில்லை. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 21-வது பிரிவின்படி, மனு விசாரணையில் இருக்கும்போதே மாஜிஸ்திரேட்டு குழந்தையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்புவிக்கலாம். தகப்பன் வந்து பார்ப்பது குழந்தைக்குக் கெடுதி என்று அவருக்குத் தோன்றினால் அதை மறுத்தே ஆகவேண்டும். "மறுக்கலாம்" என்றுகூட அங்கில்லை. ஆனால் பெரும்பாலும் அடிதடி மனு ஒரு கோர்ட்டிலும், பிள்ளை வழக்கு 1890-ம் வருஷத்துக் கார்டியன் சட்டப்படி வேறொரு கோர்ட்டிலும் நடக்கின்றன. ஆகவே ஒரு கட்டடத்தில் அடித்தவன், அடுத்த கட்டடத்தில் அன்புள்ள தகப்பனாகி விடுகிறான்!

1956-ம் வருஷத்து இந்துச் சட்டமோ, பிள்ளைக்குத் தகப்பனே இயற்கைக் காப்பாளன், அவனுக்குப் பிறகே தாய் என்றது. கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு அதற்கு வேறு பொருள் சொன்ன பின்னும், அந்த எழுத்து அழிக்கப்படவில்லை. கனவான்களின் மனதிலிருந்தும் அழியவில்லை.

இது போதாதென்று, பிள்ளை தகப்பனிடம் போகப் பயந்தால் "தாய் மனதைக் கலைத்துவிட்டாள்" என்கின்ற வாதம் வேறு. 1985-ல் அமெரிக்க டாக்டர் கார்ட்னர் இதற்கு ஒரு நோயின் பெயரே சூட்டினார். 2023-ல் ஐக்கிய நாடுகள் நிபுணர் ரீம் அல்சலேம், இவ்வாதத்தைக் குடும்பக் கோர்ட்டுகளில் தடுக்கவேண்டுமென்று அறிக்கை கொடுத்தார். நம்மூர் வக்கீல்களுக்குச் சீமையிலிருந்து முதலாவது சரக்கு மட்டுமே வந்து சேர்ந்தது போலும்!

பொய் மனுவே கிடையாதென்று நாம் சொல்ல வரவில்லை. பொய்யானால் விசாரித்துத் தள்ளட்டும். "கம்பெனிக்குப் போகிறவள் பிள்ளையை எப்படி வளர்ப்பாள்?" என்று கேட்பவர்கள், பகலெல்லாம் வேலைக்குப் போகும் தகப்பனை அதே கேள்வி கேட்பதுண்டா? அவனுடைய தாய் பார்த்துக்கொண்டால் அது குடும்பம். இவளுடைய தாய் பார்த்துக்கொண்டால் அது அனாதரவாம்!

ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டு என்று உத்தரவு எழுதுமுன், பாதுகாப்பு அதிகாரி எழுதிய அறிக்கை மற்றக் கோர்ட்டில் இருக்கின்றதா என்று கேட்டு, அந்தக் கட்டை வரவழைத்துப் படிக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை.