மூட்டையை மட்டும் பார்த்தோம்

நந்தனத்தில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. ஜனவரி வந்தால் புத்தகக் காட்சிக்கு நடந்தே போய்விடலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் மஞ்சள் பையோடு, சிக்னலைத் தாண்டினால் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். அம்பத்தூரிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் இரண்டு வண்டி மாறி வருகிறவர்களைப் பார்த்து எனக்குள் சின்னதாக ஒரு பெருமைகூட உண்டு. ஆனால் நடக்கிற தூரத்தில் இருந்துகொண்டும், உள்ளே ஒரு குறிப்பிட்ட வரிசைக்கு மட்டும் மூன்று வருஷமாக நான் போகவில்லை.

அந்த வரிசையில் எனக்குத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பார். தானே நாவல் எழுதி, தானே மெய்ப்புப் பார்த்து, தானே அச்சடித்து, தானே விற்கிறவர். இன்னொருவருடைய அரங்கில் ஒரு மேஜைதான் அவருடைய பதிப்பகம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த மேஜைக்கு முன் நின்று ஒரு நாவலைப் புரட்டினேன். பர்ஸை எடுக்கப் போனபோது, “இருக்கட்டும் சார், படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க, அது போதும்” என்றார். நான் பர்ஸை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டேன். எவ்வளவு சுலபமாக வைத்துக்கொண்டேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது. அதற்குப் பிறகு அவரைப் பார்த்தால் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. ஆகவே அடுத்த வருஷம் அந்த வரிசையைச் சுற்றிக்கொண்டு மிளகாய் பஜ்ஜி வாங்கப் போய்விட்டேன்.

இதே வாயால்தான் நான் சி.சு. செல்லப்பாவைப் பற்றிக் கூட்டங்களில் உருகிப் பேசியிருக்கிறேன்.

நான் மட்டுமில்லை, நாம் எல்லோருமே பேசுகிறோம். தமிழில் எழுதுகிறவர், படிக்கிறவர் யாரைக் கேட்டாலும் செல்லப்பாவைப் பற்றி ஒரு சித்திரம் சொல்வார்கள்: கதராடை உடுத்த ஒரு பெரியவர், தோளிலும் கையிலும் புத்தக மூட்டை, ஊர் ஊராகக் கல்லூரித் தமிழ்த்துறை வாசலில் நின்று விற்கிறார். சொல்லும்போது நம் குரல் தழுதழுக்கும். “எப்பேர்ப்பட்ட தியாகம்!” என்போம். மூட்டைக்குள் என்னென்ன புத்தகங்கள் இருந்தன என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலோர் திணறுவோம்.

இருந்தவை சாமானியமான புத்தகங்களா? 1959 ஜனவரியில் அவர் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். ஏற்கெனவே ‘மணிக்கொடி’ காலத்துச் சிறுகதைக்காரர், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். நாற்பத்தாறு வயதில், பத்திரிகை வேலையில் ஒழுங்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு இருந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு விமர்சனத்துக்கென்று ஒரு பத்திரிகை போட்டார். 1970 வரை, 119 இதழ்கள். வெங்கட் சாமிநாதன் அதில் எழுதித்தான் விமர்சகரானார். திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு என்ற இளைஞர் எழுதி அனுப்பியதை அச்சேற்றினார். அவர்தான் பின்னாளில் நாம் கொண்டாடும் பிரமிள். ந. பிச்சமூர்த்தியின் ‘காட்டு வாத்து’ 1962இல் எழுத்து பிரசுரமாக வந்தது. அதே வருஷம் ‘புதுக்குரல்கள்’ வந்தது; 24 கவிஞர்கள், ஒரே தொகுப்பில். இன்றைக்கு முகநூலில் வரியை மடக்கி மடக்கி எழுதுகிற நம் ஒவ்வொருவருக்கும் செல்லப்பாவின் வீட்டு வாசலில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

இந்தப் பாக்கியைத்தான் நாம் ‘தியாகம்’ என்ற சொல்லால் தள்ளுபடி செய்துகொண்டோம். ஒருவரைத் தியாகி என்று சொல்லிவிட்டால் அவருக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை. கஷ்டப்படுவது அவர் இயல்பு, வியப்பது நம் இயல்பு என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். பத்திரிகை நடத்த வீட்டு நகைகள் போயின என்று அவரை அறிந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கேட்டபோது, அந்தக் காலத்தில் சந்தா கட்டியவர்கள் எத்தனை பேர், கட்டாமல் இரவல் வாங்கிப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தோமா? என் வீட்டிலேயே பழைய ‘எழுத்து’ இதழ்கள் நான்கைந்து இருக்கின்றன. எல்லாம் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவை.

இன்னொரு சாக்கும் உண்டு. “அவர் பிடிவாதக்காரர் சார், யார் சொன்னாலும் கேட்க மாட்டார்.” உண்மைதான், பிடிவாதக்காரர்தான். விளக்கு என்ற இலக்கிய அமைப்பு பரிசு கொடுத்தபோதுகூட, பணமாக வேண்டாம், அதில் ஒரு புத்தகம் போடுங்கள் என்றவர். ஆனால் அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் ‘சுதந்திர தாகம்’ நமக்குக் கிடைத்திருக்காது. எண்பது வயதைக் கடந்த பிறகு, மூன்று பாகமாக, ஆயிரம் பக்கங்களுக்கு மேல் போகும் அந்த நாவலைத் தானே பதிப்பித்தார். 1998 டிசம்பரில் காலமானார். 2001இல் அதற்கு சாகித்திய அகாதெமி விருது வந்தது. “செத்த பிறகுதான் கொடுப்பார்கள்” என்று நாமெல்லாம் டீக்கடையில் நின்று அகாதெமியைத் திட்டினோம். திட்டியவர்களில் எத்தனை பேர், அவர் இருக்கும்போது திருவல்லிக்கேணிக்குப் போய் ஒரு பிரதி வாங்கினோம்? நந்தனத்திலிருந்து திருவல்லிக்கேணி என்ன, கடல் கடந்தா இருக்கிறது? நான் விருது அறிவிப்புக்குப் பிறகுதான் அந்த நாவலை நூலகத்தில் எடுத்தேன். முதல் பாகத்தின் பாதியில் திருப்பிக் கொடுத்தும்விட்டேன்.

‘வாடிவாசல்’ கதை வேறு. அதுவும் 1959தான். நூறு பக்கத்துக்குள் அடங்கும் சின்ன நாவல். செல்லாயி ஜல்லிக்கட்டுக்குப் பிச்சி வருகிறான், அப்பனைக் கொன்ற காரிக் காளைக்காகக் காத்து நிற்கிறான். ஒரு சாயங்காலத்தில் நடந்து முடிகிற கதை. காளையின் மூச்சு நம் முகத்தில் படும்படி எழுதியிருப்பார். 2013இல் ஆங்கிலத்தில் வந்தது. 2017இல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடியபோது பலர் தேடினார்கள். சினிமாவாகப் போகிறது என்று செய்தி வந்ததும் புத்தகக் காட்சியில் அடுக்கிவைத்தது அடுக்கிவைத்தபடி கரைந்தது. நானும் அப்போதுதான் சொந்தப் பிரதி வாங்கினேன். ஒரு சினிமாவின் சிபாரிசு இல்லாமல் நமக்குக் கை நீளவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வாங்கினோமே என்று ஒரு சின்ன ஆறுதலும் இருக்கிறது.

எழுதுகிறவரே அச்சுக்கூடத்து மசியிலும் கை வைப்பது நம் ஊர் விசேஷம் இல்லை. ஒடியா உரைநடையின் தந்தை என்று சொல்லப்படும் பகீர் மோகன் சேனாபதி பாலேசுவரத்தில் அச்சகம் வைத்தது 1860களில். தன் மொழிக்குப் புத்தகம் வேண்டும் என்று யாரோ ஒருவர் தலையைக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. நாம் செய்ய வேண்டியிருந்தது அதைவிடச் சின்ன வேலை: காசு கொடுத்து வாங்கிப் படிப்பது. நூலக ஆணை வரவில்லை, அரசு வாங்கவில்லை என்று பேசுவதற்கு நம்மிடம் நிறைய நேரம் இருந்தது. டெலிகிராமில் வந்த திருட்டுப் பிடிஎஃப்பை “நல்ல புத்தகம், அவசியம் படிங்க” என்று நான்கு குழுக்களுக்குத் தள்ளிவிட்டதும் நாம்தான். என் கைபேசியில் அப்படி முப்பத்தேழு கோப்புகள் கிடந்தன. எழுதியவர்களில் பாதிப் பேர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

இந்த ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்த வரிசைக்குப் போனேன். அவர் சணல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கட்டுக்குள் ஒரே நாவல், இருபது பிரதிகள் இருக்கும். மேல் பிரதியின் அட்டையில் கயிறு அழுந்திய தடம். அதைக் கட்டைவிரலால் நீவி நீவிச் சரிசெய்து, மேஜையில் நிமிர்த்தி வைத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“வாங்க சார், ரொம்ப நாளாச்சு.”

“நீங்க கொடுத்த நாவலை நான் இன்னும் படிக்கல சார்” என்றேன்.

“அதனால என்ன, இந்த வருஷம் படிங்க” என்று சிரித்தார். அவர் சிரிக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பழைய நாவலுக்கும் புதிய நாவலுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தேன். பழக்கதோஷத்தில் பத்து சதவீதக் கழிவைக் கழித்துப் பில் போட ஆரம்பித்தார். கழிவு வேண்டாம் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு முழு விலையை எழுதினார். பழைய நாவல் இப்போது என் தலைமாட்டில் இருக்கிறது. தொண்ணூற்று நான்காம் பக்கம் வரை வந்திருக்கிறேன்.